மறைக்கச் சொன்ன பாதம்

லிந்துலை

அன்பு மகள் சர்மிளாவுக்கு அப்பா எழுதுவது. மட்டக்களப்பில் நீ சுகமாகப் படித்துக்கொண்டிருக்க வேண்டும். நானும் தம்பியும் சுகம். அம்மாவும் சுகம் என்று மட்டும் எழுத முடியவில்லை. போனில் சொல்லலாம் என்றால் லயத்து வீட்டு வரிசையில் இந்தக் காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவுக்குக் கேட்கும், அம்மாவும் பக்கத்திலேயே இருப்பாள், அதனால்தான் கடிதம்.

தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது தண்ணீர் ஓடுகிற கானைத் தாண்டப் போய் அம்மாவுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவள்தான் தடுத்தாள். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, மாத்திரை தின்றும் வீக்கம் குறையவில்லை. எண்ணெய் போட்டு உருவுகிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது. கைரோபிராக்டிக் டாக்டர் ஒருவர் ஹட்டனுக்கு வருகிறார், மூட்டைக் கையாலேயே பிடித்து அசைவைச் சரிசெய்கிறவர், தமிழ் பேசும் சிங்களப் பெண்மணி. டெக்னிக்கல் கொலீஜில் படித்துவிட்டு தேயிலை பெக்டரியில் ரோலர் மெஷினைப் பார்க்கிறவன் நான், இது எனக்குப் புரிகிற வைத்தியம் என்று கூட்டிப்போனேன்.

புறப்படும்போது அம்மாவின் பாதத்தைப் பார்த்தேன். வெடிப்பு, வெடிப்புக்குள் கறுப்பு, எவ்வளவு தேய்த்தாலும் போகாதது. அங்க வாறதெல்லாம் பெரிய இடத்து ஆளுங்க, இந்தக் காலோடயா வரப்போற என்று உன் பழைய ஸ்கூல் சொக்ஸை எடுத்து வீசினேன். வலிக்குதுங்க, ஏத்த முடியலங்க என்றாள். சும்மா சிணுங்காத, பஸ் போயிரும் என்றேன். போட்டுக்கொண்டாள். அங்கே டாக்டர் வெறுங்காலோடு நடக்கச் சொன்னார். சொக்ஸ் வீக்கத்தில் இறுகிக் கழற்ற வரவில்லை, கத்தரிக்கோலால் வெட்டினார்கள். வீங்கின காலுக்கு இதை ஏன் போட்டீங்க என்று டாக்டர் கேட்டார். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. என் காலு அசிங்கமா இருக்கும் டாக்டர், நாந்தான் மறைச்சேன் என்றாள். போடச் சொன்னது நான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை மகள். டாக்டர் முகம் சுளிக்காமல் அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் திருப்பி அசைத்துவிட்டார். அம்மா எழுந்து கொஞ்சம் ஊன்றி நின்றாள்.

இன்னும் சில முறை வர வேண்டும், அப்படியே விட்டால் கால் திரும்பத் திரும்பப் பிசகும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அம்மா மாட்டேன் என்கிறாள். இனி யாருக்கும் அந்தக் காலக் காட்ட மாட்டேங்க, நீங்க சொன்னது சரிதான் என்றாள். சண்டை போட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சரிதான் என்றவளிடம் என்ன பேசுவது. நொண்டிக்கொண்டே கொழுந்து மலைக்குப் போகிறாள். ஏன் தம்பி, ஊரு மெஷினெல்லாம் ஓட்டுற, பொண்டாட்டிய நொண்ட விட்டிருக்கியே என்று பக்கத்துக் காம்பரா ராசம்மா அக்கா, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் கேட்டார். சிரித்தார்கள், வெட்கம் கெட்டு நானும் சிரித்துவைத்தேன். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன், அதையும் டீயைக் குடித்துக்கொண்டே கேட்டுவிட்டு டியூட்டிக்கு ஓடினேன், அது கேட்டதில் சேராது.

நீ அம்மாவிடம் பேசு. எனக்காக வக்காலத்து வாங்காதே, அப்பா செய்தது கேவலம் என்றே சொல். துணைக்கு நான் வேண்டாமென்றால் ராசம்மா அக்காவோடு போகட்டும். வைத்தியத்தை மட்டும் நிறுத்தக்கூடாது.

நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் வழுக்குகிற சிலிப்பரோடு ஓடாதே. வழக்கமாக அம்மா அப்பா இருவரின் ஆசியும் என்று முடிப்பேன். இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது, அவளைக் கேட்காமல் அவள் பேரைச் சேர்க்க இப்போது எனக்குக் கை வரவில்லை. என் ஆசி மட்டும்.

இப்படிக்கு,
அப்பா யோகராசன்