உருவாக்கிய தேதி

ஜனவரி 6, திங்கள்

எங்கள் மீனவர் சங்கத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பழசைப் பால்வாடிக்குக் கொடுக்கப் போகிறார்களாம். தலைவர் கோதண்டம் வாசலில் நின்றபடியே சொன்னார்: "கலைவாணி, உள்ள இருக்கிறது எல்லாத்தையும் அழிச்சிட்டுக் குடுத்துடு."

எல்லாத்தையுமா? பதினோரு வருஷமாக நான் ஏற்றி வைத்தது. உறுப்பினர் போட்டோ, படகுப் பதிவு, மனு, அறிவிப்பு. முதலில் என்னென்ன இருக்கிறதென்று ஒரு பட்டியல் எடுக்கிறேன் என்றேன். அவர் முகம் சுருங்கியது. "பட்டியல் இன்னாத்துக்கு? வேலைய முடி."

இவ்வளவு அவசரம் எதற்கு?

ஜனவரி 8, புதன்

பொன்னேரி போய்விட்டு வந்தேன். பழைய கம்ப்யூட்டரில் இடமே இல்லை, எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாது என்றதும் சர்வீஸ் கடை ஹரிஷ் ஒரு பென்டிரைவை நீட்டினான். "இன்ஸ்டாலே வேணாம்கா. இதுலேருந்தே ஓடும். எல்லா ஃபைலையும் லிஸ்ட் போட்டுடும். பேரு, சைஸ், உருவாக்கின தேதி, கடைசியா மாத்தின தேதி. ஃபைலுக்குள்ள இருக்கிற வார்த்தையக்கூடத் தேடலாம்."

எவ்வளவு என்றேன். ஃப்ரீயாம். யாரோ எங்கேயோ உட்கார்ந்து செய்து சும்மா கொடுக்கிறானாம். சும்மா யாராவது கொடுப்பார்களா? ஆபீசில் நெட் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் அதைச் சொருகினேன்.

ஜனவரி 9, வியாழன்

முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் ஃபைல். ஒரே திரையில், வரிசையாக. 'புதியது', 'புதியது 2', 'கடைசி', 'உண்மையான கடைசி' — நான் வைத்த பேர்கள்தான். சிரிப்பு வந்தது.

மத்தியானம் வேலம்மா வந்தாள். அவள் புருஷன் பூவரசன் போய் ரெண்டு மாசம் ஆகப்போகிறது. ஏதோ கையெழுத்துக்கு வந்தவள், வேலை முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

"கலை, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு சாயங்காலம் நான் ரேஷன் கடைக்கு சங்கத்து போர்டைத் தாண்டித்தான் போனேன். நோட்டீஸ் எதுவும் இல்ல. என் மாமியார் நம்பமாட்டேங்குது. காத்து வருதுன்னு ஒட்டியிருந்தும் என் புள்ளைய அனுப்பிச்சியேன்னு தினம் கேக்குது. பசங்க முன்னாடி."

அந்த வாரம் நான் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தேன். தெரிந்ததெல்லாம் பிறர் சொன்னதுதான். நவம்பர் 11 சாயங்காலம் காற்று எச்சரிக்கை வந்தது, சங்கத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள், சங்கத்து மைக்கைப் பார்த்துக்கொள்ளும் என் தம்பி தீனா மைக்கில் சொன்னான். கேட்காமல் பூவரசனும் பொன்னுரங்கமும் விடிவதற்குள் போனார்கள். முகத்துவாரத்தில் போட் கவிழ்ந்தது. பொன்னுரங்கம் நீந்தி வந்தான். பூவரசன் மறுநாள் பிணமாகக் கரை ஒதுங்கினான்.

அந்த நோட்டீஸை எடுத்துக் காட்டுகிறேன் என்று வேலம்மாவிடம் சொல்லி அனுப்பினேன்.

ஜனவரி 10, வெள்ளி

'எச்சரிக்கை' என்று தேடினேன். நாற்பத்தொன்று வந்தது. எல்லாம் நான் அடித்தது. நவம்பர் 11 மட்டும் இல்லை.

அழித்துவிட்டார்களா?

பட்டியலை உருவாக்கிய தேதிப்படி அடுக்கினேன். நவம்பர் 8 — லீவுக்கு முன் நான் ஸ்கேன் செய்தது. அதற்கப்புறம், நான் திரும்பி வருவதற்குள், ஒரே ஒரு ஃபைல். பேர் 'அறிவிப்பு 11-11'. உருவாக்கிய தேதி நவம்பர் 13, மாலை 4.42.

பதிமூன்று! பூவரசனைக் கரையில் எடுத்த நாள்.

அந்த டூல் தப்பாகக் காட்டுகிறதோ? ஹரிஷுக்குப் போன் போட்டேன். வேறெங்கிருந்தாவது காப்பி பண்ணியிருந்தால் உருவாக்கிய தேதி மாறும், மாற்றிய தேதி பழசாகவே இருக்கும் என்றான். பார்த்தேன். அதுவும் பதிமூன்றுதான், 4.58. கடிகாரம் தப்போ என்று எட்டாம் தேதி ஸ்கேன்களைப் பேப்பரில் நான் நேரம் எழுதிப் போட்ட முத்திரையோடு ஒப்பிட்டேன். நிமிஷம் பிசகவில்லை.

அப்போ நோட்டீஸ் பின்னால் அடித்தது. பதினாலாம் தேதி மீன்வளத்துறை ஆபீசர் விசாரிக்க வருவதற்குள் ஒட்டியிருக்கிறார்கள்.

எல்லாத்தையும் அழிச்சிடு என்றாரே தலைவர்!

ஜனவரி 13, திங்கள். போகி

கோதண்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பீரோச் சாவியை இடுப்பிலிருந்து எடுப்பதே இல்லை. யாராவது போன் பண்ணினால் வெளியே போய்ப் பேசுகிறார். இன்றைக்குப் பழைய காகிதத்தை எல்லாம் கொண்டுபோய்க் குப்பையோடு கொளுத்தினார். போகியாம்.

பட்டியலை ரெண்டு பிரதி எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன்.

பொன்னுரங்கத்திடம் கேட்டேன். "மைக் சத்தம் கேக்கலக்கா. கேட்டிருந்தா போவோமா? நாங்க இன்னா பைத்தியமா? ஆபீசர்கிட்டயும் சொன்னேன். போர்டைக் காட்டி வாய அடைச்சிட்டாங்க."

வீட்டுக்கு வந்து தீனாவைக் கேட்டேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "மூணு வாட்டி சொன்னேன்கா" என்றான். நிமிரவில்லை.

தலைவர் மிரட்டி வைத்திருக்கிறாரா இவனை?

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் முடிந்து இன்றைக்குத்தான் அந்த ஃபைலைத் திறந்து ஒழுங்காகப் படித்தேன். தேதியையே பார்த்துக்கொண்டிருந்ததில் எழுத்தைக் கவனிக்கவில்லை.

'எச்சறிக்கை' என்று இருக்கிறது. அதனால்தான் என் தேடலில் வரவில்லை.

அதே தப்போடு அடித்துத் தேடினேன். மூன்று ஃபைல். ஒன்று இந்த நோட்டீஸ். மற்ற ரெண்டும் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மைக் செட் ரிப்பேர் கேட்டுத் தீனா எழுதியது. 'புயல் எச்சறிக்கை சொல்ல மைக் தேவை.'

எட்டாவதிலிருந்து இந்த றகரத்துக்காக அவன் தலையில் குட்டியிருக்கிறேன்.

ஜனவரி 18, சனி

கோதண்டமா இருக்கணும்னு எவ்ளோ ஆசைப்பட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

கேட்டுவிட்டேன். பட்டியலைத் தீனா முன்னால் வைத்தேன். அந்த வரியின் மேல் விரலை வைத்தான்.

"காத்து மெசேஜ் போன்ல அஞ்சரைக்கு வந்துச்சு. நான் மீஞ்சூர்ல ஃப்ரெண்டு வூட்டுல இருந்தேன். வாரத்துக்கு ரெண்டு மெசேஜ் வருதுக்கா, எதுவும் ஆவறதில்ல. காலைல வந்து சொல்லலாம்னு இருந்துட்டேன். அவங்க அதுக்குள்ள போயிட்டாங்க."

"நோட்டீஸ்?"

"ஆபீசர் வர்றார்னு சொன்னாங்க. பயந்துட்டேன். தலைவருக்குத் தெரியாது. அவரும் நான் சொன்னதைத்தான் நம்பினாரு."

உள்ளேயிருந்து எங்களைப் பெத்த நைனா வந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார். "போனவன் திரும்பி வரப்போறானா? கூடப் பொறந்தவனக் காட்டிக் குடுக்கப் போறியா நீ?"

வேலம்மாகிட்ட நீயே போய் சொல்லு, வியாழன் வரைக்கும் பார்ப்பேன் என்று தீனாவிடம் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜனவரி 23, வியாழன்

விடிந்து பார்த்தால் தீனா இல்லை. பையும் இல்லை.

நானே போனேன். வேலம்மா இறால் ஆய்ந்துகொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. முடித்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "உன் தம்பியா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

"எழவு வூட்டுல மூணு நாளும் அவன்தான் தண்ணி ஊத்தினான்."

அவ்வளவுதான் சொன்னாள். நான் எழுந்து வருகிறபோது திட்டவில்லை, தடுக்கவும் இல்லை.

அங்கிருந்து நேரே சங்கத்துக்கு. கோதண்டத்திடம் பட்டியலைக் கொடுத்து விளக்கினேன். நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் கையெழுத்துப் போட்டேனே கலைவாணி. நோட்டீஸ் முன்னாடியே ஒட்டினதுன்னு கையெழுத்துப் போட்டேனே." கண் கலங்கியிருந்தது. இந்த மனுஷனைப் பத்து நாளாக என்னவெல்லாம் நினைத்தேன்! ஏன் அழிக்கச் சொன்னீர்கள் என்று கேட்டேன். பால்வாடிக்கு வருகிறவர்கள் நம் உறுப்பினர் ஆதாரை எல்லாம் பார்க்க வேண்டாம் என்றுதானாம். போகிக்கு எரித்தது பழைய காலண்டராம்.

நம்புகிறேன். நம்பத்தான் வேண்டும்.

பிப்ரவரி 3, திங்கள்

மறுவிசாரணை. ஆபீசர் கேட்ட முதல் கேள்வி, அந்தத் தேதியை நீ மாற்றியிருக்க மாட்டாய் என்று எப்படி நம்புவது என்பது. நியாயம்தான். நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். கம்ப்யூட்டரையே எடுத்துப் போகச் சொன்னேன்.

அப்போது கதவருகில் ஆள் அசைந்தது. தீனா. தாடி வளர்ந்திருந்தது. யாரும் கூப்பிடவில்லை, மீஞ்சூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறான். ஒரு தாளைக் கேட்டு வாங்கி, நடந்ததை நின்றபடியே எழுதிக் கொடுத்தான். என் பக்கம் பார்க்கவில்லை.

வேலம்மா அவனைப் பார்த்தாள். முழுசாக, நிதானமாக. அவன்தான் தலையைக் குனிந்தான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நைனா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சோற்றைத் தானே போட்டுக்கொள்கிறார்.

மார்ச் 10, திங்கள்

திருத்திய அறிக்கை வந்தது. வேலம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டினேன். 'பதினொன்றாம் தேதி அறிவிப்பு எதுவும் ஒட்டப்படவில்லை, ஒலிபெருக்கியிலும் சொல்லப்படவில்லை' என்ற வரி வந்ததும், "இன்னொரு வாட்டி" என்றது. இன்னொரு வாட்டி படித்தேன். பிறகு மருமகளைப் பார்க்காமலே அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. படி இறங்கும்வரை விடவில்லை.

மூன்று காப்பி எடுத்தேன். ரெண்டு அவர்களுக்கு. ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து நைனாவின் கட்டிலில் வைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

காலையில் கட்டிலில் தாள் இல்லை. கிழித்தாரா, யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டாரா, தெரியாது. கேட்கவில்லை.

மத்தியானம் தட்டோடு வந்து உட்கார்ந்தார். நான் உள்ளே இருந்தேன். ரொம்ப நேரம் சோறு எடுக்கிற சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தால் காலித் தட்டோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.

"கொழம்பு இருக்கா?" என்று கேட்டார்.

போட்டேன்.