வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கார்

ஜனவரி 9, வியாழன்

மத்தியானம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது கல்லூரி வாத்தியார் வந்தார். வெளிநாட்டிலிருந்து வந்து நம் பேச்சைப் படிக்கிறவர்களை வாரம் ஒரு மணி நேரம் இந்தத் தெருக் கடைகளில் உட்கார வைக்கப் போகிறாராம். என் இஸ்திரிக் கடைக்கு ஒரு பெண். "நீங்க பாட்டுக்குத் துணி தேச்சுக்கிட்டே பேசுங்கம்மா, அது போதும். ஆனா சாவு, நோய், சண்டையெல்லாம் இப்போ வேண்டாம். பதில் சொல்லத் தெரியாம முழிப்பாங்க" என்றார். தலையாட்டினேன். அதை விட்டால் என்னிடம் பேச வேறு என்ன இருக்கிறது என்று அவர் போன பிறகுதான் உறைத்தது.

ஜனவரி 16, வியாழன்

வந்துவிட்டாள். "வணக்கம். தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?" ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி இருந்தது. "நல்லா இருக்கீங்களா அக்கான்னு கேளு, போதும்" என்றேன். கேட்டாள். எது சொன்னாலும் "நல்லது, மகிழ்ச்சி" என்று முடிக்கிறாள். அப்படிப் பழக்கி அனுப்பியிருக்கிறார்கள். ராத்திரி நான் சொல்லக் கேட்டு என் தங்கச்சி அதையே பேராக வைத்துவிட்டாள் — மகிழ்ச்சி.

இரண்டாவது கேள்வியே, "உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" யாரோ ஒருத்தருடைய சட்டையைக் கருக்கியிருப்பேன். வாத்தியார் சொன்னது ஞாபகம் வந்தது. "நானும் வீட்டுக்காரரும். அவர் பஸ் ஓட்டுறார். வேலைக்குப் போயிருக்கார்" என்றேன்.

நல்லது, மகிழ்ச்சி என்றாள்.

அவர் போய் ஐந்து மாதம் ஆகிறது. டிப்போ பெஞ்சில் டீ குடிக்க உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அதை அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 6, வியாழன்

உள்ளே நுழையும்போதே, "வீட்டுக்காரர் நல்லா இருக்காரா அக்கா?" நம் வீட்டுப் பெண் கேட்கிற மாதிரியே கேட்டாள். இந்தத் தெருவில் இப்போது யாரும் என்னிடம் அதைக் கேட்பதில்லை. "இருக்கார். முதுகுவலின்னு முனகிக்கிட்டே கிளம்பினார்" என்றேன். சாப்பாட்டில் உப்பு கம்மி என்று அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது, செருப்பைத் தேடி வீட்டை இரண்டாக்கியது எல்லாம் சொன்னேன். பொய் சொல்கிற மாதிரியே இல்லை. எல்லாம் அவர் செய்ததுதான். நாள்தான் வேறு.

பிப்ரவரி 18, செவ்வாய்

வியாழக்கிழமை எப்போது வரும் என்று இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

பிப்ரவரி 27, வியாழன்

தேய்த்த துணியை வாங்க வந்த தங்கச்சி காதில் நான் அவரைப் பற்றிச் சொன்னது விழுந்துவிட்டது. மகிழ்ச்சி போகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பிடித்துக்கொண்டாள். "உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சாக்கா?"

"சாவைப் பத்திப் பேசக்கூடாதுன்னு வாத்தியார்தான் சொன்னார்."

"பேசாதேன்னார். உயிரோட இருக்கார்னு சொல்லச் சொன்னாரா?"

அவள் வீட்டுத் துணியை மடித்துக் கொடுத்து அனுப்பினேன்.

மார்ச் 20, வியாழன்

அடுத்த வாரம் அவளுக்குப் பேச்சுத் தேர்வு. தெருக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறார்களாம். அவர்கள் முன்னால் மேடையேறி, தனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேச வேண்டும். தேறாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும், படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

"உங்க குடும்பம்தான் அக்கா! முன்னாடி வரிசைல உக்காருங்க. வீட்டுக்காரரை அன்னிக்கு ஒரு நாள் லீவு போடச் சொல்லுங்க."

சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொன்னால் வியாழக்கிழமை போய்விடும். "கேட்டுப் பாக்கறேன்" என்றேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா?

மார்ச் 29, சனி

நன்றாகத்தான் பேசினாள். "அந்த அண்ணன் பஸ் ஓட்டுறார். கிளம்பும்போது செருப்பைத் தேடுவார். அது கட்டிலுக்கு அடியிலதான் கிடக்கும்." யாரோ சிரிக்க ஆரம்பித்து, சட்டென்று அடங்கிவிட்டார்கள். அவரோடு அத்தனை வருஷம் வண்டியில் போன கண்டக்டர் என் பின்னால் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார். மகிழ்ச்சி பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். தன் பேச்சில்தான் ஏதோ தப்பு என்று நினைத்துவிட்டாள். சொன்னதையே இன்னும் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள்.

"அவரை நீ பாத்திருக்கியாம்மா?" என்று வாத்தியார் தணிந்த குரலில் கேட்டார்.

"இல்ல சார். நான் எப்போ போனாலும் வேலைக்குப் போயிருப்பார்."

நான் எழுந்து சொல்லியிருக்கணும். எழுந்தேன்தான் — எழுந்து வெளிய வந்துட்டேன். அந்தப் பொண்ண தனியா மேடைல நிக்க வெச்சுட்டு வந்துட்டேனே, பாவி.

மார்ச் 31, திங்கள்

தேறிவிட்டாள். பேச்சுக்குத்தான் மார்க், சங்கதிக்கு இல்லை என்று வாத்தியார் சொல்லிவிட்டாராம். கண்டக்டர் அன்றைக்கே வாசலில் வைத்து அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "மனசு கேக்கலை அண்ணி" என்கிறார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயேது?

ஏப்ரல் 3, வியாழன்

வரவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு, "தங்கள் கணவரின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்றாள். பேப்பரில் போடுகிற வார்த்தை. மறுபடியும் 'தாங்கள்' ஆகிவிட்டேன். செத்த வீட்டில் வாயால் என்ன சொல்வது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான்தானே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்?

"உள்ள வாம்மா" என்றேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள். இனிமேல் எதிர்ச்சாரியில் மருந்துக்கடையில் உட்காருவாளாம்.

ஜூன் 19, வியாழன்

வாத்தியாருக்கு என்ன தைரியமோ, புதிதாக ஒருவரை அனுப்பியிருக்கிறார். இந்தத் தடவை நரை விழுந்த மனுஷன், பெரிய வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவராம். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டார். நலமா, கடை எத்தனை மணிக்குத் திறக்கும். அப்புறம் அந்தக் கேள்வி.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். "நான் மட்டும்தான் சார். வீட்டுக்காரர் இறந்துட்டார்."

"நல்லது, மகிழ்ச்சி" என்றார்.

கோபம் வரவில்லை. பாவம், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "அப்படிச் சொல்லக்கூடாது சார். யாராவது இப்படிச் சொன்னா, 'மனசைத் தேத்திக்கோங்க'ன்னு சொல்லணும். எங்க, சொல்லுங்க."

மனுஷன் முகம் மாறிவிட்டது. என்ன சொல்லிவிட்டோம் என்று புரிந்துவிட்டது போலிருக்கிறது. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். "மனசைத் தேத்திக்கோங்க."

சரியாகத்தான் சொன்னார். ஒரு பிசகு இல்லை.

"இன்னொரு தரம் சொல்லுங்க சார்" என்றேன்.