இரண்டாம் தடவை கேட்காத ஊர்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் சுகம். நீங்களும் நம் வாலுப் பெண்ணும் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று புருவத்தைத் தூக்குவீர்கள். நீங்கள் இருவரும் இங்கே வந்துவிடுவதைப் பற்றிப் போனில் பேச்செடுத்தாலே, "சரியா கேக்கல, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் அந்தச் சாக்கு செல்லாது. உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள்.

முதலில் ஊர்ச் செய்தி. இங்கே பஸ்ஸில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. எனக்கு வாய் சும்மா இருக்குமா? பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம் எத்தனை குழந்தைகள், வீட்டுக்காரர் என்ன வேலை, என்ன சம்பளம் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் அன்பாகத்தான் கேட்டேன். அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிப் போய்விட்டாள். அவள் இறங்க வேண்டிய இடமே அதுதானா, என்னிடமிருந்து தப்பித்தாளா என்று இன்னும் தெரியவில்லை.

எடுத்ததற்கெல்லாம் நன்றி சொல்கிறார்கள். புருஷன் பெண்டாட்டிகூட ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். நான் தண்ணீர் கொடுத்து நீங்கள் நன்றி சொன்னால், ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பேன்.

ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான உங்களுக்கென்று ஒரு செய்தி. நல்ல ஃபிரிட்ஜைக் கொண்டுவந்து தெருவோரம் வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் ஒன்றைத் திறந்தே பார்த்துவிட்டேன். ஒரு தட்டுகூட உடையவில்லை. ரிப்பேர் பார்க்க ஆள் வருவதற்குள் புதிதே வாங்கிவிடலாமாம். நான் தையல் வேலை பார்க்கும் ஓட்டலின் சமையலறையிலும் குளிர்பெட்டி நின்றுபோனால் மெக்கானிக்குக்காகத் தவம் கிடக்கிறார்கள். இங்கே வந்து நான் என்ன செய்வேன் என்று கேட்டீர்களே, இதைச் செய்யலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாடி வீட்டு அம்மாள் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ குடிக்கிறாயா என்று கேட்டார். நம் வழக்கப்படி வேண்டாம் என்றேன். "அட, சும்மா குடிம்மா" என்று சொல்வார் என்று பார்த்தால், சரி என்று தனக்கு மட்டும் போட்டுக்கொண்டு வந்து, என் எதிரிலேயே கடைசிச் சொட்டு வரை குடித்தார்! டீ போனால் போகிறது. அதோடு எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லையே.

ஓட்டலுக்குப் பின்னால், குடும்பத்தோடு இருக்கும் ஊழியர்களுக்கென்று சில வீடுகள் உண்டு. அதில் ஒன்று காலியாயிற்று. இரண்டு அறை, ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம், நடக்கிற தூரத்தில் பள்ளிக்கூடம். எங்கள் தையல் அறை மேற்பார்வையாளரைக் கண்ணாடியம்மா என்று சொல்வேனே, அவர் நேராக என் மெஷினுக்கு வந்து, அந்த வீடு உனக்கு வேண்டுமா என்று கேட்டார். நெஞ்சு குதித்தது. வாய் என்ன சொன்னது தெரியுமா? "பரவாயில்லைங்க, வேற யாருக்காவது குடுங்க." கொடுத்தவுடன் கை நீட்டினால் என்ன நினைப்பார்களோ என்ற நம்முடைய அதே பாழும் கூச்சம். இன்னொரு தடவை கேட்பார் என்று ஊசியில் நூல் கோப்பதுபோல் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டு, சலவைப் பிரிவுக்காரரிடம் கேட்கப் போய்விட்டார்.

அன்றைக்கு ஒரு வெயிட்டருடைய கோட்டின் பையை வாயோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். பாவம், அவர் கை நுழையாமல் திண்டாடினார்.

மறுநாள் வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கண்ணாடியம்மாவின் அறைக்குப் போனேன். எனக்கு அந்த வீடு வேண்டும் என்றேன். நேற்று வேண்டாம் என்றாயே என்று கேட்டார். "எங்க பக்கம் முதல் தடவை கேட்டா வேண்டாம்னுதாங்க சொல்லுவோம். நீங்கதான் விடாம கேக்கணும்" என்று விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அப்படியானால் உங்கள் பக்கத்து ஆட்கள் சாப்பாடு வேண்டாம் என்றதை நம்பி இத்தனை நாள் நான் எத்தனை பேரைப் பட்டினி போட்டேனோ என்று சொல்லி, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சலவைக்காரருக்குச் சொந்த வீடே பக்கத்தில் இருக்கிறதாம், அவர் மறுத்துவிட்டாராம். வீடு எனக்குத்தான். ஆனால் குடும்பம் வந்தால்தான் தருவார்கள். பள்ளி திறப்பதற்குள் நீங்கள் வராவிட்டால் வேறு ஒருவருக்குப் போய்விடும். வருவார்களா என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

சென்ற மாதம் உங்களைக் கேட்டபோது, "நான் எதுக்கு அங்க, நீ இருந்துட்டு வா" என்றீர்கள். நானும் இந்த ஊர்க்காரியைப்போல் சரி என்று விட்டுவிட்டேன். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது, அது நிஜமான வேண்டாம்தானா என்று. உங்கள் அக்கா, "பொண்டாட்டி சம்பாத்தியத்துல போய் உக்காரப் போறியா" என்று கேட்டதாக வாலு சொன்னாள். அவளை அதட்டாதீர்கள், நான்தான் துருவிக் கேட்டேன். பஞ்சர் ஒட்டக்கூட அடுத்தவர் கையை எதிர்பார்க்காத மனுஷன் இங்கே வந்து சும்மா உட்காருவாரா? உங்கள் அக்கா பேசினால் பேசட்டும். அவருக்கும் பொழுது போக வேண்டாமா? அவருக்காக என்னைத் தனியாக விட்டுவிடாதீர்கள்.

இங்கே வேலை நன்றாக இருக்கிறது, மனிதர்கள் நல்லவர்கள், அதெல்லாம் பொய்யில்லை. ஆனால் மாலையில் அறைக்கு வந்தால் என் குரலை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாலுவுக்குத் தலை பின்னாமல் விரல்களுக்கு ஒன்றும் ஓடவில்லை. அழுதுகொண்டு எழுதவில்லை, பயப்படாதீர்கள். கோபமாகத்தான் எழுதுகிறேன்.

அதனால் மறுபடியும் கேட்கிறேன். வாருங்கள். வேண்டாம் என்று எழுதினால் மறுபடியும் கேட்பேன், அதற்கும் மசியாவிட்டால் அடுத்த தபாலிலும் கேட்பேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வாலுவை நேரத்துக்குச் சாப்பிட வையுங்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நீங்களும் வாய்விட்டுக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வீட்டுக்காகக் கண்ணாடியம்மா முன்னால் நின்று சொன்னவள், உங்களிடம் சொல்வதற்கு என்ன? எனக்கு நீங்கள் வேண்டும்.

இப்படிக்கு,
கூச்சத்தை விட்டுவிட்ட
உங்கள் வீட்டுக்காரி