ஏகாம்பரம் பாட்டு போடாத கல்யாணம்

அம்பத்தூர்,
9-5-1988

அன்புள்ள ஹாஜா மொய்தீனுக்கு,

நலம். ஜுலைகாவும் பிள்ளைகளும் சுகம்தானே? நேரில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன். கார்டு என்றால் தபால்காரர் படித்துவிடுவார். அதனால்தான் இன்லண்ட்.

29ஆம் தேதி மாங்காட்டில் கஸ்தூரி கல்யாணத்துக்கு உன் மைக்செட்தான். ஆனால் ஏகாம்பரம் பாட்டு மட்டும் வேண்டாம். எதைக் கண்டாலும் பயந்து, குடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அந்த சினிமா ஏகாம்பரத்தின் பேரைத்தான் ஃபேக்டரியில் எனக்கு வைத்தார்கள். பாத்திரக்கடை விளம்பரத்தில் அவன், கட்சிக் கூட்டத்து வசவிலும் அவன். போன மாதம் டிவியில் படத்தைப் போட்டார்கள். மறுநாளே பால் பூத்தில், "இன்னா ஏகாம்பரம், பயமா கீதா?" என்கிறான் ஒருவன்.

சம்பந்தி வீட்டாருக்கு இது தெரியாது. அப்பனைப் பார்த்துச் சிரிக்கிற வீட்டில் என் பெண் வாழக் கூடாது.

உன்,
பார்த்தசாரதி

கரையான்சாவடி,
14-5-88

அண்ணனுக்கு சலாம்.

இன்னாண்ணே நீங்க! நம்ம பக்கம் எல்லாக் கல்யாணத்துலயும் அதானே கடைசிப் பாட்டு? அதக் கேட்டாத்தான் சமையக்காரன் அடுப்ப அணைப்பான், ஜனம் எழுந்திரிக்கும். சரி, உங்க இஷ்டம். அன்னிக்கு நாகூர்ல மச்சான் பொண்ணு நிக்காஹ், நான் வர முடியாது. நம்ம ஆளு கன்னியப்பன் செட்டோட வருவான். அவன் மறந்துபோய்ப் போட்டுறப் போறான்னு ரிக்கார்டை பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். தைரியமா இருங்க.

ஹாஜா

அம்பத்தூர்,
2-6-1988

ஹாஜா,

நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாய். அதனால் நான் பட்டதைக் கேள்.

சாப்பிட்டவர்கள் ஒருவரும் நகரவில்லை. பாட்டு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பு எரிய, மறுபடி பாயசம் வந்தது. நான்கரைக்கு ராகுகாலம், அதற்குள் பெண்ணை அழைத்துப் போக வேண்டும் என்று சம்பந்தி லோகநாதன் வாட்ச்சைத் தட்டுகிறார். கூட்டத்தை எழுப்பாமல் மண்டபத்தில் வழி கிடையாது. கன்னியப்பனிடம் ஓடினேன்.

"ரிக்கார்டு பாய் ஊட்ல பூட்டிக் கீது சார். நீங்களே பாடிக்கினா உண்டு" என்று மைக்கை என் கையில் திணித்துவிட்டான்.

என்ன செய்வேன்? கண்ணை மூடிக்கொண்டு பாடினேன்.

"குடையை எடு ஏகாம்பரம், கூட்டம் பெருசா ஆகுது..."

மண்டபமே கை தட்டியது. தட்டிக்கொண்டே எழுந்து போய்விட்டார்கள். சம்பந்தி என்னை மேலும் கீழும் பார்த்து, "யோவ் சம்பந்தி, அச்சு அசல் அந்த ஏகாம்பரமேதான்யா நீரு!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். எதற்காக இத்தனை கட்டுக்காவல் செய்தேனோ! வேனில் கஸ்தூரி அழுவாள் என்று பார்த்தால், மாமியார் தோளில் சாய்ந்து சிரிக்கிறாள். அழுததெல்லாம் நான்தான்.

வரும் ஞாயிறு சம்பந்தி வீட்டில் விருந்து. தெருவில் எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறாராம். நான் முழுப் பாட்டும் பாட வேண்டுமாம். எனக்குப் பல்லவிக்கு மேல் தெரியாது. சரணத்தை உடனே எழுதி அனுப்பு. கார்டிலேயே எழுது, பரவாயில்லை.

பார்த்தசாரதி