செஞ்சி உச்சியிலிருந்து கடல் தெரியவில்லை, அப்பா

ஊரையெல்லாம் சுற்றிக் காட்டிய என் அப்பாவுக்கு,

நல்லா இருக்கியா என்று எழுதத்தான் கை போகிறது. நீ போய் ஒன்றரை வருடம் ஆகியும் இந்தப் பழக்கம் விடவில்லை. நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம், ஒரு விஷயத்தைத் தவிர. உன் பேத்தியிடமிருந்து உன்னைப் பிடுங்கிவிட்டேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கயலுக்கு ஏழு வயதாகிவிட்டது. முன்பல் இரண்டு விழுந்து ஒன்று முளைத்திருக்கிறது. எதைப் பார்த்தாலும் எண்ணுகிறாள். உன் மாப்பிள்ளைக்குக் கடலூரிலேயே வேலை நிலைத்துவிட்டது. எனக்கு அதே ஆபீஸ், அதே ஓடாத ஃபேன். அம்மா சிதம்பரத்தை விட்டு வரமாட்டேன் என்கிறாள். சொல்லிச் சொல்லி விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்னால் வீட்டில் இருக்க முடிவதில்லை. காலையிலேயே கால் பரபரக்கிறது. "ஒரு ஞாயித்துக்கெழம வீட்ல ஒக்காந்தா ஒனக்கு இன்னா கொறஞ்சிடும்?" என்று உன் மாப்பிள்ளை கேட்காத வாரம் இல்லை. அவருக்கு என்ன தெரியும்? அவருடைய அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருந்தவர். நீ டூரிஸ்ட் வேன் டிரைவர். அன்றைக்குத்தான் உனக்கு வேலை அதிகம். பிற வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நீ போய்விடுவாய். நானும் தம்பியும் வாசலில் நின்று வேனுக்குக் கை காட்டுவோம். உள்ளே இருக்கும் பிள்ளைகள் எங்களுக்குக் கை காட்டும்.

அதனால்தான் கயலை இழுத்துக்கொண்டு அலைகிறேன். சில்வர் பீச்சுக்குப் போனோம். தெற்கிலிருந்து காற்று திரும்பியதும் கெமிக்கல் கம்பெனிகளின் மருந்து நாற்றம் அடித்தது. அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அலைகளை எண்ணினாள். பிச்சாவரத்தில் படகில் போனோம். சிதம்பரத்தில் கோயில் குளத்துப் படிகளை எண்ணியே ஒரு மதியத்தைத் தீர்த்தாள். எங்கே போனாலும் நான் அவளிடம் ஒன்று சொல்வேன்: "தாத்தா இங்கல்லாம் எத்தன வாட்டி வந்திருக்காரு தெரியுமா?"

திங்கட்கிழமை காலையில் நீ வேனைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து கதை சொல்வாயே, அதைத்தான் நான் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கொடைக்கானலில் வாயைத் திறந்தால் மேகம் உள்ளே போகும். ஊட்டிப் பூங்காவில் ஒரு பூ நாய் முகம் மாதிரியே இருக்கும். செஞ்சிக்கோட்டை உச்சியில் நின்றால் நம்ம கடல் தெரியும், லைட்ஹவுஸ் ஒரு தீக்குச்சி மாதிரி நிற்கும். எனக்குச் சொன்ன அதையே டயாலிசிஸ் முடிந்து படுத்திருந்த நாட்களில் கயலுக்கும் சொன்னாய். "மேல ஏறினாதான் தெரியும். பாதியில எறங்கிடக் கூடாது" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். அதை அவள் ஒரு எழுத்துகூட மறக்கவில்லை.

போன மாதம் செஞ்சிக்குப் போனோம். வாடகைக்குக் கார் எடுத்தோம். டிரைவர் நெல்லிக்குப்பத்துக்காரர், குணசேகரன் என்று பெயர். ஐம்பதைத் தாண்டியவர். நான் அவரிடம் ஊரைக் கேட்டதோடு நிறுத்திக்கொண்டேன். ஊரைக் கேட்டு, அப்புறம் தெருவைக் கேட்டு, அதற்கப்புறம் உனக்கு மட்டும் பேப்பர் கப்பில் டீ வாங்கித் தந்தவர்களை நீ சொல்லி நான் கேட்டிருக்கிறேன். விழுப்புரத்தில் டிபனுக்கு நிறுத்தியபோது அவரை எங்கள் மேஜையிலேயே உட்காரவைத்தேன். அதில் எனக்குப் பெருமைகூட. மறைக்கவில்லை.

கோட்டைக்குக் கீழே வண்டி நின்றதும் அவரையும் கூப்பிட்டேன்.

"அண்ணா, வண்டிய பூட்டிட்டு நீங்களும் வாங்க. மேல போயி பாக்கலாம்."

"வேணாம்மா."

"இல்லண்ணா, எங்களுக்கு அந்த மாதிரிலாம் கெடையாது. நீங்களும் எங்க கூடத்தான்."

அவர் சிரித்துவிட்டார். "அட, அதுக்கில்லம்மா. இப்ப ஏறி எறங்குனேன்னா சாயங்காலம் ஸ்டீரிங்லயே தூங்கி வுழுவேன். நான் தூங்குனாத்தான் நீங்க வீடு போயி சேருவீங்க. போங்க, பாப்பாவ பாத்துக் கூட்டிம்போங்க. கொரங்கு ஜாஸ்தி."

சொல்லிவிட்டு சீட்டைச் சாய்த்து முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டார். நான் பத்துப் படி ஏறியிருப்பேன், அப்பா. அப்போதுதான் உறைத்தது. அவரால் ஏற முடியாது என்றால், நீ எப்போது ஏறினாய்?

அதற்கப்புறம் மலை முழுக்க எனக்கு அதே நினைப்புதான். கயல் படிகளை எண்ணிக்கொண்டே வந்தாள். நானூறைத் தாண்டியதும் ஒரு குரங்கு பிஸ்கட் பாக்கெட்டைப் பிடுங்கியதில் கணக்கு விட்டுப்போனது. திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினாள். வெயில் ஏறிவிட்டது. உன் மாப்பிள்ளை ஒரு மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு, "போதும். இங்கேர்ந்தே எல்லாம் நல்லாத்தான் தெரியுது" என்றார்.

"இங்கேர்ந்து கடல் தெரியலப்பா. மேலதான் தெரியும். பாதியில எறங்கிடக் கூடாதுன்னு தாத்தா சொன்னாரு" என்றாள் கயல்.

நான் அப்போதே திரும்பியிருக்க வேண்டும். கால் வலிக்கிறது என்று பொய் சொல்லியாவது. ஏன் திரும்பவில்லை? உச்சியில் நிஜமாகவே கடல் தெரிந்துவிடும் என்று எனக்கும் ஒரு நப்பாசை இருந்தது.

தெரியவில்லை. கிழக்கே வயலும் பாறையும் ஏரியும் புகை மாதிரி வெயிலும்தான் இருந்தன. கயல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "கடல் எந்தப் பக்கம்மா?"

உன் மாப்பிள்ளை கை நீட்டினார். "அதோ, வெள்ளையா தெரியுது பாரு."

"அது மேகம்பா."

அங்கே நின்றிருந்த காவலாளியிடம் போய்க் கேட்டாள். "அங்கிள், கடலூர் கடல் எங்க இருக்கு?"

"கடலா? இங்கேர்ந்தா? யாரு பாப்பா சொன்னது?"

"எங்க தாத்தா."

"ஒங்க தாத்தா நல்லா கத வுடுவாரு போல" என்று அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற காலேஜ் பசங்களும் சிரித்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர்கள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்? முப்பது வருடம் அவர்களை மாதிரி ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து கீழே காத்துக் கிடந்தவனையா? அந்தக் கோபத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன்: "தாத்தா இங்க வரவே இல்ல கயலு. இவங்கள மாதிரி ஆளுங்க மேல வந்து போட்டோ எடுத்துப்பாங்க. தாத்தா கீழ வண்டியில தூங்கிட்டு இருந்திருப்பாரு."

கோபம் அவர்கள் மேல். அடி விழுந்தது குழந்தை மேல்.

"அப்ப ஊட்டி?" என்று கேட்டாள்.

"தெரியல."

"கொடைக்கானல்ல மேகம் வாயில போனது?"

"தெரியலடி."

"எல்லாமே பொய்யா?"

அவள் அழவில்லை. இறங்கும்போது ஒரு படியைக்கூட எண்ணவில்லை.

திரும்பி வரும் வழியில் குணசேகரன் அண்ணன் ஒரு முள்ளுக்காட்டு ஓரமாக வண்டியை நிறுத்தி, "ரெண்டு நிமிசம் சார்" என்று இறங்கி ஓடினார். அவர் சாப்பிட்டாரா என்று கேட்டேன், மலைக்கு வருகிறாரா என்று கேட்டேன். இதைக் கேட்கவில்லை. நாங்கள் மேலே இருந்த அத்தனை நேரமும் அவர் ஒதுங்க எங்கே போனார் என்று ஒரு முறைகூட எனக்குத் தோன்றவில்லை.

உன்னுடைய கிட்னி டாக்டர் கேட்டது ஞாபகம் வந்தது. "தண்ணியே குடிக்க மாட்டீங்களா?" நீ சொன்னாய்: "குடிச்சா வண்டிய நிறுத்தணும் டாக்டர். பின்னாடி இருக்கறவங்க மொகம் சுளிப்பாங்க." நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். உன் பிடிவாதத்துக்கு உன்னையே திட்டினேன். எத்தனை குடும்பங்களின் உல்லாசப் பயணத்துக்கு நீ தாகத்தை அடக்கினாய்? அவர்களில் ஒருவராவது உன் பெயரைச் சொல்வார்களா?

அதற்கப்புறம் இரண்டு ஞாயிறு கயல் வெளியே வரவில்லை. "நான் வரல, டிவி பாக்கறேன்" என்றாள். பள்ளிக்கூடம் கிளம்பும்போது உன் படத்தைப் பார்த்து "தாத்தா, பை" என்பாள். அதுவும் நின்றுபோனது. ஒருநாள் நானே, "தாத்தாவுக்குச் சொல்லலியா?" என்று கேட்டேன். ஷூவை மாட்டிக்கொண்டே, "அவரு பொய் சொல்றவரு" என்றாள்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னதும் அவள் சலித்துக்கொண்டாள்.

"ஆமா, பெரிய ரகசியம். ஒங்கப்பா எந்த மலய ஏறினாரு? பின்னாடி சீட்ல பேசிட்டு வருவாங்கல்ல, அத காதுல வாங்கிட்டு வந்து இங்க சொல்லுவாரு. எதுனா ஒரு புள்ள கடல் தெரிஞ்சிதுன்னு சொல்லியிருக்கும்."

"தெரிஞ்சிருந்தும் ஏம்மா சொல்லல?"

"நீ வாய பொளந்துட்டு கேட்டுட்டு இருப்ப. அவரும் ஆசயா சொல்லிட்டு இருப்பாரு. நடுவுல நான் வந்து இன்னாத்த சொல்றது?"

"சரி, அவரு நெஜமா என்னதான்மா பாத்தாரு?"

"என்கிட்ட எங்க சொன்னாரு? ஸ்டேண்டுல போயி கேளு."

கேட்கப் போனேன். போன ஞாயிறு ஆயா வீடு என்று சொல்லி கயலைச் சிதம்பரம் கூட்டிக்கொண்டு போனேன். டீ குடிக்கலாம் என்று வேன் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போனேன். உன் பக்கத்து வண்டிக்காரர் அய்யனார் மாமா இன்னும் ஓட்டுகிறார். என்னைப் பார்த்ததும், "ஏழுமல பொண்ணா? வாம்மா, வா" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கயல் சுற்றி வளைக்கவில்லை. "எங்க தாத்தா பொய் சொல்லுவாரா?"

"சொல்லுவான். சீட்டாட்டத்துல கையில ஜோக்கரே இல்லன்னு சத்தியம் பண்ணுவான். மூணு வச்சிருப்பான்."

கயல் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "டூர் போனா தாத்தா என்ன பண்ணுவாரு?"

"தூங்குவான். அவன் வுடற கொறட்டைக்கு பக்கத்து வண்டிக்காரனுங்க வண்டிய எடுத்துக்குனு வேற எடம் போயிடுவானுங்க."

"அப்பறம்?"

"ஒகேனக்கல் போனா ஆத்துல எறங்கிடுவான். பார்ட்டிங்க பரிசல்ல சுத்திட்டு வர்ற வரைக்கும் தண்ணியிலயேதான் கெடப்பான். ஏறுடான்னா ஏற மாட்டான்."

உனக்கு நீச்சல் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது, அப்பா. சில்வர் பீச்சில் நீ முழங்கால் தண்ணீருக்குமேல் வந்ததில்லையே. ஏன் இதைச் சொல்லவில்லை? மற்றவர்கள் பார்த்ததையெல்லாம் சொன்னவன், நீ செய்ததை ஏன் சொல்லவில்லை? அது சொல்லத்தக்கதே இல்லை என்று நினைத்துவிட்டாயா?

"செஞ்சியில?" என்று கேட்டாள் கயல்.

"செஞ்சியிலயா? கோட்டைக்குப் போற வழியில ஒரு புளியமரம் உண்டு. அதுக்கு அடியில ஸ்டவ் வச்சி சோறாக்குவோம். கருவாட்டுக் கொழம்பு ஒங்க தாத்தாதான் வைக்கணும். ஒருவாட்டி மேலேர்ந்து எறங்கி வந்த ஒருத்தரு, வண்டியெல்லாம் கருவாடு நாறுதுன்னு கத்தி ஊரக் கூட்டிட்டாரு."

"தாத்தா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. கொழம்ப அப்படியே வுட்டுட்டு வண்டிய கழுவுனான்."

கயல் டீ கிளாஸின் விளிம்பில் விரலைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு அவரிடம் கேட்டாள்: "அப்ப தாத்தா அன்னிக்கி சாப்புடலியா?"

அய்யனார் மாமா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். "எங்களதுல போட்டுக் குடுத்தோம் பாப்பா. நல்லாத்தான் சாப்புட்டான்" என்றார். அது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பரங்கிப்பேட்டை ரோடு பிரியும் இடம் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள் திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, மறுபடியும் செஞ்சிக்குப் போலாமா? மேல வேணாம். அந்த மரம் எங்கன்னு பாக்கலாம்."

அந்தக் கேள்வியோடு ஒரு வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். உன் பேத்தி உன்னைத் திரும்பத் தேடுகிறாள். நான் அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்த ஆளை இல்லை, அந்த மரத்தடியில் ஸ்டவ் பற்றவைத்த ஆளை. அந்த ஆளை எனக்கும் சரியாகத் தெரியாது.

வரும் ஞாயிறு போகிறோம். குணசேகரன் அண்ணனிடம் சொல்லியாகிவிட்டது. அவர் எங்கே தூங்க வேண்டும், எங்கே ஒதுங்க வேண்டும், எங்கே முகம் கழுவ வேண்டும் என்பதை இந்த முறை முதலில் கேட்பேன். இடம் இல்லை என்று எவராவது சொன்னால் அங்கேயே சத்தம் போடுவேன். உன் மாப்பிள்ளை வெட்கப்பட்டுக்கொள்ளட்டும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அப்பா. இனி உன்னைப் பற்றி எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே அவளிடம் சொல்வேன். அந்த மரத்தை வெட்டியிருந்தால் வெட்டிவிட்டார்கள் என்று சொல்வேன். நின்றிருந்தால் அவளை அதன் அடியில் உட்காரவைத்து, கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வேன். நீ பேசாமல் எழுந்து போய் ஏன் வண்டியைக் கழுவினாய் என்பதற்கும் சேர்த்து.

இப்படிக்கு,
கயலுக்கு அம்மாவும் உனக்கு மூத்த பெண்ணுமான
செல்வி