வலது கையின் கோடு

2025 ஜூலை 14, திங்கள்

பேராதனை நெரிசலில் பஸ் நின்றே விட்டது. கடுகண்ணாவையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரும் எனக்கு இது வழமைதான்.

நாளை மறுநாள் தனுசிகாவுக்கு மூளையில் சத்திரசிகிச்சை. ஹேவாஹெட்ட தோட்டத்துப் பிள்ளை, ஒன்பது வயது. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை வலிப்பு. எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. வலிப்புக் கிளம்பும் இடம், வலது கையை அசைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டாக்டர் வெட்டும்போது மூளையிலிருந்து அந்தக் கைக்குச் சைகை போகிறதா என்று திரையில் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. இதுவரை சீனியரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இம்முறை அவர் லீவு. நான் தனியே.

தாய் சர்மிளா கொழுந்து பறிப்பவர். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“கை வெளங்காமப் போயிருமா மிஸ்?”

போகாது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? “கண்ண எடுக்காமப் பாத்துக்கிட்டிருப்பேன்” என்றேன்.

ஜூலை 15

சோறு இறங்கவில்லை. “ஒனக்கா ஒபரேஷன்?” என்று உம்மா கேட்டார்.

ஜூலை 16, புதன்

இன்றே எழுதிவிட வேண்டும்.

பதினொன்றேகாலுக்குத் திரையில் வலது கையின் கோடு பாதியாகச் சரிந்தது. முதலில் என் வயரைத்தான் சந்தேகித்தேன். சரியாக இருந்தது. மயக்க மருந்தைக் கூட்டினீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். மறுபடி பார்த்தேன் — கிட்டத்தட்டத் தட்டை.

சொல்வதா? பெரிய டாக்டர் இருபது வருஷமாக மூளை திறப்பவர். நான் சொல்வது பிழையென்றால்? பிழையில்லையென்றால் அந்தப் பிள்ளையின் கை என்னாகிறது?

“சேர், நிப்பாட்டுங்க. வலது கை போகுது.” சிங்களத்தில்தான் சொன்னேன். என் குரலா அது?

“நிச்சயமா?”

“நிச்சயம் சேர்.”

டாக்டர் தன் கையை எடுத்துவிட்டார். இளஞ்சூடான உப்புநீர் ஊற்றினார்கள், இரத்த அழுத்தத்தைக் கூட்டினார்கள். பிறகு எல்லோரும் சும்மா நின்றோம். பதினேழு நிமிஷம். யா அல்லாஹ், அந்தப் பதினேழு நிமிஷம்... கோடு மெல்ல எழுந்தது. பழைய உயரத்துக்கே வந்தது.

அந்த ஓரத்தைத் தொடாமல் மற்றப் பக்கத்தால் போய் முடித்தார். வெளியே போகும்போது என் கதிரைக்குப் பக்கத்தில் நின்று, “பயந்து வாயை மூடிக்கிட்டு இருக்காததுக்கு நன்றி” என்றார்.

எனக்குப் பெருமையாக இருக்கிறது. எழுதிவிட்டேன், இந்த வரியை வெட்ட மாட்டேன்.

ஜூலை 17

தனுசிகாவிடம் வலது கையில் இரண்டு விரலைக் காட்டச் சொன்னார்கள். ஐந்தையும் விரித்துக் காட்டினாளாம்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

கிளினிக்கில் தாயும் மகளும். மூன்று மாதமாக ஒரு வலிப்பும் இல்லை. நேற்றுத் தீபாவளி, சர்மிளா முறுக்குப் பொதியைக் கையில் திணித்தார்.

“ஒங்க பேரு என்னா மிஸ்? பேரு தெரியாம சாமிகிட்ட யாருக்குன்னு கேக்குறது?”

சொன்னேன். தனுசிகா கிளினிக் கொப்பியின் பின்னட்டையை முழங்காலில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, தானே எழுதினாள்: பசுலினா.

‘ஸ்’ வர வேண்டிய இடத்தில் ‘சு’. நான் திருத்தவில்லை.