ஓவியத்துக்கு எல்லோருக்கும் 'பி'

செவ்வாய், ஜூலை 8

காலையிலிருந்து தூறல். ஏரி தெரியவில்லை. மாத்திரை, குடை, மூக்குக்கண்ணாடி, மூன்றும் சரிபார்த்துப் பத்தரைக்குப் பள்ளிக்கூடம். மேலாண்மைக் குழுக் கூட்டம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் என்று என்னையும் உறுப்பினராக வைத்திருக்கிறார்கள்.

தீர்மானம்: ஒன்பது, பத்தாம் வகுப்பு ஓவியப் பீரியடுகள் இனிக் கணக்குக்கு. ஓவிய அறை சிறப்பு வகுப்புக்கு.

த.ஆ. (தலைமையாசிரியை) அம்மா: "பரீட்சையில படமா போடச் சொல்றாங்க? ரிசல்ட்டுதானே கேக்குறாங்க."

மெஹருன்னிசா மட்டும் வேண்டாம் என்று எழுந்தாள். பஜாரில் ஸ்வெட்டர் கடை. மகள் ஒன்பதாவது. இவளும் இதே பள்ளியில் என்னிடம் படித்தவள்.

பின்வரிசையில் ஒருவர்: "ஒம் மக படம் போட்டு என்னம்மா செய்யப் போறா, கடைக்கு போர்டு எழுதவா?"

"எழுதட்டுமேண்ணே. ஒங்க போர்டுலயும் பாதி எழுத்து அழிஞ்சு கெடக்கு."

சிரிப்பு. பிறகு என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க சொல்லுங்க."

நான் சொன்னது: "எல்லாரும் எப்படியோ, அப்படி."

கையெழுத்துப் போட்டேன். தேதியோடு, அடிக்கோடிட்டு.

கேரட் அரைக்கிலோ. பல்பு மறதி.

புதன், 9

பல்பு வாங்க பஜார். அவள் கடையைத் தவிர்க்கச் சுற்றுவழி. எதிரிலேயே வந்தாள், கையில் டீ.

"என்ன சார், சுத்திப் போறீங்க?"

மழை என்றேன். நல்ல வெயில்.

"எங்களுக்கு வெள்ளிக்கிழமை டிராயிங். வாரத்துல அந்த ஒரு பீரியடுலதான் சார், தப்பாப் போயிருமோன்னு பயமில்லாம உக்காந்திருந்தேன். பெறகு அதையும் நீங்க எடுத்துக்கிட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பயமில்லாமல் நான் உட்கார்ந்த பீரியடு எது? யோசித்தேன். ஒன்றும் வரவில்லை.

வியாழன், 10

இரும்புப் பெட்டியில் பழைய மதிப்பெண் நோட்டுகள். ஆண்டுவாரியாக வைத்திருக்கிறேன். அவள் வகுப்பு, நாற்பத்தொரு பேர். ஓவியக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை 'பி'. என் கையெழுத்து, ஒரே சாய்வு.

அப்போது ஓவிய ஆசிரியர் வெள்ளி மட்டும் இங்கே, மற்ற நாள் பூம்பாறைப் பள்ளியில். பீரியடைக் கேட்டு வாங்கியது நான். அவர் நூலகத்தில் புத்தகம் அடுக்கினார். கிரேடு போடச் சொன்னபோது மறுத்தார். "நான் பாடமே எடுக்கலையே சார்." நான் போட்டேன். 'ஏ' என்றால் அதிகாரி கேட்பார், 'சி' என்றால் பெற்றோர் வருவார்கள். யோசித்துத்தான் 'பி'. ஒரு படமும் பார்க்கவில்லை.

அத்தனை பீரியடு எடுத்தும் மெஹருன்னிசாவுக்குக் கணக்கில் முப்பத்தாறு.

முழங்கால் வலி. தைலம்.

வெள்ளி, 11

பனிமூட்டம். குழுவுக்குக் கடிதம், மூன்று வரைவு. முதல் இரண்டில் "அக்காலத்தில் அவ்வாறு நடைபெற்றது" என்று எழுதியிருந்தேன். மூன்றாவதில்தான் "நான்" வந்தது.

த.ஆ. அம்மா படித்துவிட்டு: "கையெழுத்த வாபஸ் வாங்குறேன்னு ஒரு வரி போதுங்கய்யா. இந்தக் கதையெல்லாம் எதுக்கு?"

ஒரு வரியோடு முடிக்க எனக்கும் ஆசைதான். இருக்கட்டும் என்றேன். செவ்வாய் மறுபடி கூட்டமாம்.

செவ்வாய், 15

மழை. குடை மறதி, இத்தனை வருடத்தில் முதல் முறை.

கடிதத்தை என்னையே படிக்கச் சொன்னார்கள். படித்தேன். யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசைக்காரர் தரையைப் பார்த்தார். அரைமணிப் பேச்சு. முடிவு: பத்தாம் வகுப்புப் பீரியடு கணக்குக்கே. ஒன்பதாம் வகுப்புப் பீரியடும் ஓவிய அறையும் தப்பின.

வாசலில் நனைந்து நின்றேன். மெஹருன்னிசா குடை விரித்து வந்தாள்.

"எனக்கும் பி-தானா சார்?"

"ஆமாம்மா."

"நான் என்ன வரைஞ்சேன்னு தெரியுமா?"

"தெரியாது."

குடையை என் பக்கம் சாய்த்தாள். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். என்ன வரைந்தாய் என்று இப்போதாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.